மைதான ஓரத்து நாற்சார் வீடு: இடித்துப் பவிலியன் கட்டுவதா, வீட்டையே பவிலியன் ஆக்குவதா?

மைதான மூலை
சனி, இரவு 9.10

வணக்கம். எங்கள் கல்லூரி மைதானத்தின் கிழக்கு மதிலோடு ஒட்டியிருக்கிற பழைய நாற்சார் வீட்டைப் பற்றிக் கதைக்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். கல்லூரியின் பெயரை யாரும் இங்கே எழுத வேண்டாம். அங்கே படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு இது யாழ்ப்பாணத்தில் எந்த மைதானத்துக்கும் பொருந்துகிற கதைதான்.

அந்த வீடு ஆறு பரப்புக் காணியோடு கல்லூரிக்கு நன்கொடையாக வந்து இரண்டு வருடமாகிறது. உரித்தாளிகள் நாலு நாடுகளில் இருந்து அற்றோணித் தத்துவம் அனுப்பி உறுதி முடித்துக் கொடுத்தார்கள். ஊரில் எத்தனை பழைய வீடுகள் பங்குக்காரர் எல்லோருடைய கையொப்பமும் கிடைக்காமலே பாறி விழுகின்றன என்று தெரிந்தவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். இப்போது பழைய மாணவர் சங்கத்தில் ஒரு வரைபடம் கைமாறுகிறது: வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடிப் பவிலியன், கீழே உடற்பயிற்சிக் கூடம், முன்னால் வாகனம் விட இடம். அடுத்த மாதம் பொதுக்கூட்டத்தில் கையுயர்த்தச் சொல்வார்கள்.

நேற்றுப் பின்னேரம் உள்ளே போய்ப் பார்த்தேன். நடுவில் முற்றம், நாலு பக்கமும் விறாந்தை, பன்னிரண்டு மரத்தூண், தெருப்பக்கம் திண்ணை. சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை முழத் தடிப்பு. வடக்குப் பக்கக் குசினி ஷெல் விழுந்து போய்விட்டது, அதை ஒட்டிய கூரையும் இறங்கிவிட்டது. மற்ற மூன்று பக்கமும் நிற்கின்றன. வெளியே பங்குனி வெயில் தார் உருகுகிற மாதிரி எரிந்தது, உள்ளே தெற்கு விறாந்தையில் இருந்தபோது அரை மணித்தியாலம் எனக்கு வியர்க்கவே இல்லை.

என் நிலைப்பாட்டை மறைக்கவில்லை. இந்த வீட்டை இடிக்கக் கூடாது. சும்மா பூட்டி வைக்கவும் கூடாது. மைதானத்தின் வீடாக அது வேலை செய்ய வேண்டும். எப்படி என்று உங்களிடம் கேட்கிறேன்.


இடதுகைச் சுழல்
சனி, இரவு 10.02

தம்பி, உங்கள் மனம் விளங்குகிறது. ஆனால் நான் மற்றப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

இந்த மைதானத்தில் எட்டு வருடம் விளையாடினேன், இப்போது 15 வயதுப் பிரிவுப் பெடியன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வெளியில் இருந்து வருகிற அணி எங்கே உடுப்பு மாற்றுகிறது தெரியுமா? வேப்பமரத்துக்குப் பின்னால், துவாயைச் சுற்றிக்கொண்டு. போன வருடம் ஒரு பெடியனுக்கு நாடியில் பந்து பட்டது. கிடத்த ஒரு வாங்கு இல்லை, நிழலில் ஒரு இடம் இல்லை, ஓட்டோ வரும்வரை என் மடியில் வைத்திருந்தேன், என் சேட் முழுக்க இரத்தம். அன்றைக்கு எனக்குப் பழைய வீடு, புது வீடு என்ற கணக்கு ஒன்றும் வரவில்லை, ஒரு அறை இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. புதுக் கட்டடம் என்றால் வெளிநாட்டில் இருந்து காசு வரும், பதினெட்டு மாதத்தில் முடியும். பழையதைத் திருத்துகிறோம் என்று தொடங்கினால் குழு, கூட்டம், இன்னொரு குழு என்று பத்து வருடம் போகும், அந்தப் பத்து வருடமும் பிள்ளைகள் மரத்தடியில்தான் நிற்பார்கள்.

இன்னொன்று. வீடு எல்லைக்கோட்டில் இருந்து எவ்வளவு தூரம்? வலதுகைத் துடுப்பாட்டக்காரன் மதிற்பக்கம் இழுத்து அடித்தால் பந்து நேரே ஓட்டில் விழும். அந்தக் காலத்தில் நாங்களே எத்தனை ஓடு உடைத்தோம்.


மைதான மூலை
சனி, இரவு 10.20

அண்ணை, அந்தப் பெடியனின் கதை எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்கிற அறைதான் நான் கேட்பதும். அந்த வீட்டில் ஐந்து அறை இன்றைக்கே நிற்கிறது.


ஓடாவி மகன்
ஞாயிறு, காலை 6.45

அப்பா மரவேலை செய்கிற ஓடாவி, நான் இப்போது பட்டறை வைத்திருக்கிறேன். மைதான மூலை அண்ணை கேட்டதால் முந்தநாள் நானும் கூடப் போனேன், ஏணி வைத்துக் கூரைக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

மரம்: தீராந்திகள் (உத்தரங்கள்) பாலை, சிலாகைகள் (கூரைச் சட்டங்கள்) பனை. வைரம் பாய்ந்த கறுப்புப் பனை, உளியால் தட்டினால் இரும்பு மாதிரிச் சத்தம் வருகிறது. மூன்று பக்கக் கூரையில் மாற்ற வேண்டிய சிலாகை ஐந்தில் ஒன்றுகூட வராது என்பது என் கணிப்பு. கறையான் ஏறியிருப்பது முற்றத்து மூலைகளில் மட்டும், ஏனென்றால் நாற்சார் வீட்டில் இரண்டு கூரை சந்திக்கிற அந்த மூலைப் பீலியில்தான் தண்ணீர் முழுவதும் இறங்கும். பீலி ஓட்டையானால் அதற்குக் கீழே இருக்கிற மரம்தான் முதலில் போகும், மற்றது நூறு வருடம் இருக்கும். ஆகவே முதல் செலவு பீலிக்கு, வேறு எதற்கும் இல்லை. ஓடு கள்ளிக்கோட்டை ஓடு, உடைந்ததற்கு மாற்றாகப் பழைய ஓடு ஊரில் இன்னும் எடுக்கலாம்.

சுவர்: இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். கல்லும் சாந்தும் எல்லாமே சுண்ணாம்பு. யாரோ பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னர் தெருப்பக்கச் சுவரின் கீழ்ப்பகுதிக்குச் சீமெந்து பூசியிருக்கிறார்கள், நல்ல மனதோடுதான் செய்திருப்பார்கள். அந்த இடம் மட்டும் பொருக்குக் கிளம்பி, பின்னால் கல் மாவாகிக் கொட்டுகிறது. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் வெளியே ஆவியாகிப் போய்விடும். சீமெந்து மூடிவிட்டால் ஈரம் உள்ளே நின்று, அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் உறைந்து கல்லைத் தின்னும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாதியும் உவர் என்பதை நினைத்துப் பாருங்கள். 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்த பிறகு சீமெந்து கைக்கெட்டிய பொருளாகிவிட்டது, சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறவைத்துப் பூசுகிற வேலையை மேசன்மார் மெல்ல மெல்ல விட்டார்கள். அந்தக் கைவேலை தெரிந்த ஒரு ஐயா இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார், எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் இருக்கும்போதே இரண்டு பெடியன்களாவது பக்கத்தில் நின்று பழக வேண்டும். நான் அவசரப்படுகிற காரணம் அதுதான், வீட்டை விட அவர்.


வண்ணை வாசி
ஞாயிறு, காலை 8.30

அருமையான இழை. நான் சொல்ல வருவது, இந்த வீட்டை விளையாட்டு அருங்காட்சியகமாக ஆக்கலாம். வடக்கின் பெரும் போர் என்கிற கிரிக்கெட் போட்டி 1904இல் தொடங்கியது, யாழ் மத்தியும் சென் ஜோன்ஸும் நூற்றாண்டைத் தாண்டி ஆடிக்கொண்டிருக்கின்றன. பொன் அணிகளின் போர், இந்துக்களின் பெரும் போர் என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒன்று இருக்கிறது. இவ்வளவு நீண்ட வரலாற்றுக்கு ஒரு இடத்தில் ஒரு நிரந்தரக் கண்காட்சி எங்கே? பழைய ஓட்டப் புத்தகங்கள், குழுப் படங்கள், கிண்ணங்கள், துடுப்புகள் எல்லாம் யார் யாருடைய அலுமாரியிலோ கிடக்கின்றன, இடப்பெயர்வில் போனது போக மிச்சம் இருப்பதையாவது சேர்க்க வேண்டும். நாற்சார் வீடு அதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. விறாந்தையைச் சுற்றி நடந்து பார்த்துக்கொண்டே வரலாம்.


வலைப்பந்து அக்கா
ஞாயிறு, காலை 11.15

வண்ணை வாசி ஐயா, சேர்க்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அருங்காட்சியகம் மட்டும் என்பதற்கு மறுப்பு இருக்கிறது, காரணம் சொல்கிறேன்.

நான் இருபத்திரண்டு வருடம் உடற்கல்வி ஆசிரியை. நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் இப்படி ஒரு அறையைத் திறந்தார்கள். மாலை, மங்கள விளக்கு, கண்ணாடி அலுமாரி எல்லாம் வடிவாக இருந்தது. திறப்பு ஒருவரின் லாச்சிக்குள் போனது, அவர் மாற்றலாகிப் போனார். ஆறு வருடம் கழித்து ஒரு பிள்ளையின் சான்றிதழ் தேடித் திறந்தபோது 1960களின் குழுப் படங்களைக் கறையான் சட்டத்தோடு தின்றிருந்தது, கையில் எடுத்தால் மண். வெளியே வந்து அழுதேன். அந்த அறையின் யன்னலை ஒரு நாளைக்கு ஒரு தடவை யாராவது திறந்திருந்தால் அது நடந்திருக்காது.

அதனால் எனக்கு இந்த வீட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான். காலையில் யார் திறப்பார்கள்? இடிப்பவர்களும் வைத்திருப்பவர்களும் இருவருமே இதற்குப் பதில் சொல்ல வேண்டும். புதுப் பவிலியனும் பூட்டிக் கிடந்தால் அதே கதைதான், கூரையில் புறா, குழாயில் துரு.

அப்புறம் இன்னொரு விஷயம், இங்கே யாரும் எழுதவில்லை. வலய மட்டப் போட்டிகள் இந்த மைதானத்தில்தான் நடக்கின்றன, பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். இடதுகைச் சுழல் அண்ணை சொன்ன வேப்பமரத்தடியில் பெடியன்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். என் பிள்ளைகள் காலை ஆறு மணிக்கு வீட்டில் இருந்தே உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து பின்னேரம் நாலு மணிவரை தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், மலசலகூடத்துக்குப் போக வேண்டி வரும் என்ற பயத்தில். 400 மீற்றர் ஓடுகிற பிள்ளை. மயங்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கட்டடம் வந்தாலும் அதற்குள் பெண் பிள்ளைகளுக்குத் தனியான, உள்ளே தாழ்ப்பாள் உள்ள இடம் முதலாவதாக வர வேண்டும்.


இடதுகைச் சுழல்
ஞாயிறு, நண்பகல் 12.05

அக்கா சொன்ன கடைசிப் பந்தியை வரைபடம் கீறியவர்களுக்கு அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு மாடி வரைபடத்தில் பெண்களுக்கு என்று ஒரு அறையும் இல்லை, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நானும் கவனிக்கவில்லை என்பது எனக்கே வெட்கம்.


கட்டடக்காரன்
ஞாயிறு, இரவு 8.40

சிவில் பொறியியலாளர், வேலை கொழும்பில், வீடு ஊரில். சட்டப் பக்கத்தையும் கட்டடப் பக்கத்தையும் சொல்கிறேன், நீளும்.

முதலில் சட்டம். "பழைய வீடு, தொல்பொருள் திணைக்களம் இடிக்க விடாது" என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 என்ற திகதியைக் கோடாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தியது என்றால்தான் தானாகப் பழமைச் சின்னம் என்ற கணக்கில் வரும். பிந்தியது என்றால் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தால்தான் பாதுகாப்பு. எங்கள் நாற்சார் வீடுகளில் இன்று நிற்பவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். ஆகவே இந்த வீட்டைச் சட்டம் காப்பாற்றாது, நாங்கள்தான் காப்பாற்ற வேண்டும். பாதுகாக்கப்பட்டது என்று பெயர் கிடைத்தாலும் அது மட்டும் போதாது, நல்லூரில் மந்திரிமனை எந்த நிலையில் நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். உள்ளே எவரும் ஒரு வேலையும் செய்யாத கட்டடம் அது.

இனி முன்மாதிரி. மைதானத்தோடு ஒட்டிய பழைய கட்டடம் என்றதும் எனக்கு உடனே நினைவு வருவது கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலின் பார்வையாளர் மண்டபம். ரோயல் கல்லூரிக்குப் பக்கத்தில். 1893இல் அங்கே பந்தயம் தொடங்கியது, இரண்டாம் உலகப் போரில் திடலையே விமான ஓடுபாதை ஆக்கினார்கள், பந்தயம் நின்ற பிறகு பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2012இல் மண்டபத்தைத் திருத்திக் கடைகளும் உணவகங்களும் வைத்தார்கள், முன்னால் இருக்கிற திடலில் ரக்பி ஆடுகிறார்கள். அதே காலத்தில் கோட்டையில் ஒல்லாந்தர் கால மருத்துவமனையும் 2011இல் அப்படியே திறக்கப்பட்டது. இரண்டிலும் நான் படித்தது ஒன்று: சுவரையும் கூரையின் வடிவத்தையும் விட்டுவிட்டு, மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றையும் புதிதாகப் போட்டார்கள். பழைய கட்டடத்தை வாழ வைப்பது அந்த மூன்றும்தான்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒன்று. காலிக் கோட்டை 1988இலேயே யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பக்கத்து கிரிக்கெட் மைதானத்தைத் திருத்தியபோது எழுப்பிய பவிலியனால் கோட்டையின் அந்தத் தகுதிக்கே ஆபத்து என்று 2018இல் பெரிய விவாதம் நடந்தது. பழைய கட்டடத்தை இடிக்காமலே, பக்கத்தில் உயரமாக எழுப்பியும் கெடுக்கலாம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது கட்டினாலும் வீட்டுக் கூரையின் முகட்டைத் தாண்டக் கூடாது என்று இப்போதே எழுதி வையுங்கள்.

உடற்பயிற்சிக் கூடத்தை அந்த வீட்டுக்குள் கொண்டு போக வேண்டாம். எடைக்கட்டையைத் தூக்கித் தூக்கிப் போடுகிற அதிர்வுக்குச் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் வெடிக்கும். குசினி விழுந்த வடக்குப் பக்கம் வெறும் நிலமாக இருக்கிறதுதானே, அங்கே தனி அத்திவாரத்தில், பழைய சுவரைத் தொடாமல் ஒரு சின்னக் கூடம் போடுங்கள். மலசலகூடமும் அந்தப் பக்கமே, கிணற்றில் இருந்து எவ்வளவு விலக்க முடியுமோ அவ்வளவு விலக்கி. எங்கள் நிலம் சுண்ணக்கல், வெடிப்பும் பொந்தும் உள்ள கல். குழிக்குள் போவது கிணற்றுக்கு வர அதிக நாள் எடுக்காது.

பந்து விஷயம்: கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை. வேகமாக விழுந்தால் எந்த ஓடும் உடையும். மதிற்பக்கம் தனிக் கம்பங்களில் வலை கட்டுங்கள். கம்பத்தை வீட்டுச் சுவரில் பொருத்தக் கூடாது, காற்றடிக்கும்போது வலை பாய்மரம் மாதிரி இழுக்கும்.


ரொறன்ரோவில் இருந்து
திங்கள், காலை 5.30

94 ஆம் ஆண்டு அணி. அந்த இரண்டு மாடிப் பவிலியனுக்குக் காசு தருவதாகச் சொன்ன ஆட்களில் நானும் ஒருவன், ஆகவே என் பக்கத்தையும் கேளுங்கள்.

நாங்கள் இங்கே பனியில் இரண்டு வேலை செய்து சேர்க்கிற காசு. கொடுக்கும்போது ஊரில் ஒரு புதுக் கட்டடம் எழும்பி நிற்கிறதைப் பார்க்க ஆசை, அப்பாவின் பெயரை ஒரு கல்லில் பார்க்க ஆசை. அதில் பிழை ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். பழைய வீட்டுப் பீலிக்குக் காசு கொடுத்தேன் என்று பிள்ளைகளுக்கு என்ன படத்தைக் காட்டுவது?

பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். துரையப்பா விளையாட்டரங்கு 2016இல் இந்திய உதவியோடு புதுப்பித்துத் திறந்தபோது நானும் ஊரில் நின்றேன். வருடக்கணக்கில் பாழாய்க் கிடந்த இடத்தில் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து உடம்பு சிலிர்த்தது. அந்த உணர்வுதான் எங்களுக்கும் வேண்டும்.


வலைப்பந்து அக்கா
திங்கள், காலை 7.00

தம்பி, நல்ல கேள்வி. துரையப்பா அரங்கு உங்களைச் சிலிர்க்க வைத்தது பிள்ளைகள் ஓடினபடியால்தான். அதே பிள்ளைகள் இந்த முற்றத்தில் காலணி கழற்றிக்கொண்டு இருப்பதைப் படம் எடுத்து அனுப்புகிறேன். அப்பாவின் பெயரைத் தெற்கு விறாந்தையின் தலைவாசலில் வைக்கலாம், அவர் எந்த வருடம் யாரோடு ஆடினார் என்று குழுப் படத்தோடு.


ரொறன்ரோவில் இருந்து
திங்கள், காலை 7.20

அப்பா விக்கெட் காப்பாளர். படம் என்னிடம் இல்லை அக்கா, 95 இடப்பெயர்வில் போய்விட்டது. யாரிடமாவது இருக்குமா?


வண்ணை வாசி
திங்கள், காலை 9.00

எந்த ஆண்டு என்று தனிமடலில் சொல்லுங்கள் தம்பி. இரண்டு பேரிடம் கேட்டுப் பார்க்கிறேன். அக்கா சொன்ன கறையான் கதையை நேற்று இரவு முழுக்க யோசித்தேன். என் யோசனையை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: தனி அருங்காட்சியகம் வேண்டாம். மூலப் படங்களை எண்ணிமப்படுத்திவிட்டுப் பாதுகாப்பான இடத்தில் வைப்போம், பிரதியைப் பெரிதாக அச்சிட்டு உடுப்பு மாற்றுகிற அறைகளிலேயே மாட்டுவோம். காலுறை போடுகிற பெடியன் தலையை நிமிர்த்தினால் 1938 அணி அவனைப் பார்க்க வேண்டும்.


கடைத்தெரு
திங்கள், காலை 10.15

ஒரு பகுதியை உணவகமாக வாடகைக்கு விட்டால் பராமரிப்புக் காசு வரும். சுண்டுக்குளிப் பக்கம் பழைய வீடுகளில் விடுதியும் உணவகமும் நன்றாக ஓடுகின்றன.


மைதான மூலை
திங்கள், நண்பகல் 1.10

நன்கொடை உறுதியில் "கல்வி, விளையாட்டுத் தேவைகளுக்கு மட்டும்" என்று இருக்கிறது, வாசித்துப் பார்த்தேன். வாடகைக்கு விட முடியாது. விட முடிந்தாலும் எனக்கு விருப்பமில்லை, மைதானத்தில் வியர்த்துப் போன பிள்ளை தன் கல்லூரி வீட்டுத் திண்ணையில் இருக்க யாருடைய அனுமதியும் கேட்கக் கூடாது.


முற்றத்துப் பேத்தி
செவ்வாய், இரவு 11.50

நான் இந்தத் தளத்தில் புதிது. ஒரு உறவினர் இழையை அனுப்பினார். அந்த வீடு எங்கள் அம்மம்மாவின் வீடு.

எல்லோருடைய எழுத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை எழுதுகிறேன். மட்ச் நாட்களில் மேற்கு மதிலில் இருந்த சின்னப் படலையை அம்மம்மா திறந்து விடுவாராம். பெடியன்கள் வந்து கிணற்றில் அள்ளிக் குடிப்பார்கள், இரண்டு அணியும். முற்றத்தில் ஒரு அண்டாவில் மோரும் உப்பும் கலந்து இருக்கும். ஓடு உடைந்தால் அம்மப்பா சத்தம் போடுவார், போட்டுவிட்டு யார் அடித்தது என்று கேட்பாராம், பெரிய அடிதான் என்று சொல்வாராம். ஆகவே அந்த வீடு மைதானத்துக்கு வேலை செய்வது புதுசு இல்லை. அம்மா சொல்லச் சொன்னது அதுதான்.

1995 ஒக்டோபர் 30, ஊரே இடம்பெயர்ந்த அந்த இரவு, அம்மம்மா முன்கதவைப் பூட்டிவிட்டு எல்லோரோடும் மழையில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தார். பூட்டிய திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு வந்தார். திரும்பிப் போகவில்லை. அந்தத் திறப்பு இப்போது அம்மாவிடம் இருக்கிறது. கல்லூரிக்கு உறுதி கொடுத்தபோது அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

இடிப்பதா விடுவதா என்று நாங்கள் சொல்ல முடியாது, கொடுத்தாகிவிட்டது. படலையை மட்டும் திரும்ப வையுங்கள் என்று அம்மா கேட்கிறார்.


இடதுகைச் சுழல்
புதன், காலை 6.20

தங்கச்சி, அந்த மோரைக் குடித்தவன் நான். 1983, 84. படலைக்குக் குனிந்துதான் போக வேண்டும், உயரமானவர்கள் தலையை இடிப்பார்கள். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பொதுக்கூட்டத்தில் நான் எழும்பிச் சொல்லப் போவது இது: இரண்டு மாடித் திட்டத்துக்கு நான் ஆதரவில்லை. ஆனால் காலக்கெடு வேண்டும். வடகிழக்குப் பருவ மழை ஐப்பசியில் பிடித்துவிடும், அதற்கு முன் மூன்று பக்கக் கூரையும் ஒழுகாமல் ஆக வேண்டும். மார்கழிக்குள் ஒரு முதலுதவி அறையும், பெண் பிள்ளைகளின் அறையும், இரண்டு அணிக்கும் உடுப்பு மாற்றும் அறைகளும். இந்த நாலும் நேரத்துக்கு வராவிட்டால் அடுத்த வருடம் இடிப்பதற்கு முதல் கை என்னுடையது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அந்தப் பெடியனின் தாயின் முகத்தை நான் பார்த்தவன்.


மைதான மூலை
புதன், இரவு 9.30

அண்ணை, ஒப்புக்கொள்கிறேன், அதே சொற்களில் தீர்மானமாக எழுதுவோம்.

இன்று கட்டடக்காரன் வரைபடம் ஒன்றை அனுப்பினார், நான் நாடாவைப் பிடித்து அளந்ததை வைத்து. தெற்கு அறைகள் இரண்டும் அணிகளுக்கு. கிழக்கு அறை, தெருப்பக்கத் திண்ணையோடு, முதலுதவிக்கு, ஏனென்றால் ஓட்டோ அந்த வாசலுக்கு நேரே வரும். மேற்கில் மைதானத்தைப் பார்க்கிற அறை பெண் பிள்ளைகளுக்கு, அதிலிருந்து வடக்குப் பக்க மலசலகூடத்துக்கு மூடிய நடைபாதை. மிஞ்சுகிற சின்ன அறை ஓட்டக் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் மைதானப் பொறுப்பாளருக்கும். முற்றம் முற்றமாகவே இருக்கும், அதற்கு மேல் தகரமோ கண்ணாடியோ போடக் கூடாது. மூடினால் வெப்பக் காற்று மேலே போக வழியில்லாமல் வீடு அடுப்பாகிவிடும்.

காலையில் யார் திறப்பார்கள் என்ற கேள்விக்கு இதுதான் என் பதில். மைதானப் பொறுப்பாளர் இப்போது கல்லூரி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டிலில் இருக்கிறார். உருளை, ஆப்பு, வலை, கோடு போடுகிற சுண்ணாம்பு எல்லாம் அங்கேதான். அதையெல்லாம் இந்த வீட்டுக்குக் கொண்டு வந்தால் அவர் ஒவ்வொரு நாளும் ஐந்தரை மணிக்கு இதைத் திறந்தே ஆக வேண்டும், விழா இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவரிடம் நேற்றுக் கேட்டேன். "அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஆடுகளத்துக்கு ஊற்றலாமா" என்றுதான் முதலில் கேட்டார். உவர் இல்லை, ஊற்றலாம்.


ரொறன்ரோவில் இருந்து
வியாழன், காலை 4.50

பீலியும் மூலை மரமும் என் கணக்கு. எங்கள் அணியில் இன்னும் மூன்று பேர் சேருகிறார்கள், அவர்கள் சுண்ணாம்பு வேலைக்கு. ஒரு நிபந்தனை மட்டும்: ஓடாவி மகன் சொன்ன அந்த ஐயாவுக்கு நல்ல சம்பளம் கொடுக்க வேண்டும், பழகுகிற பெடியன்களுக்கும். இலவசமாகச் செய்யச் சொல்லி அவரைக் கேட்கக் கூடாது.


ஓடாவி மகன்
வியாழன், பின்னேரம் 5.15

ஐயாவிடம் போய் வந்தேன். சம்மதம். சுண்ணாம்பு நீற்றக் குழி வெட்ட இடம் காட்டச் சொன்னார், கிணற்றுக்கு அந்தப் பக்கம் வேண்டாம் என்றும் சொன்னார். முதலில் தெருப்பக்கச் சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டுமாம், அவசரப்பட்டுப் பூசினால் தான் வரமாட்டாராம். ஆகவே தெருப்பக்கச் சுவர் இந்த வருடம் பார்க்க வடிவாக இருக்காது, இடதுகைச் சுழல் அண்ணை அதைக் காலக்கெடுவில் சேர்க்க வேண்டாம்.

முற்றத்துப் பேத்தி தங்கச்சிக்கு: முன்கதவில் இப்போது தொங்குவது பிறகு வந்தவர்கள் போட்ட ஆமைப்பூட்டு. ஆனால் பழைய பூட்டு கதவுப் பலகைக்குள் அப்படியே இருக்கிறது, உடைக்காமல் பக்கத்தில் நிலையைத்தான் பிளந்திருக்கிறார்கள். இன்று அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டிருக்கிறேன். திறப்பை அனுப்ப வேண்டாம், அம்மாவிடமே இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரு அடிமட்டத்தோடு வைத்துப் படம் எடுத்து அனுப்பினால் போதும், பல்லைப் பார்த்து இன்னொன்று அராவி எடுப்பேன்.


முற்றத்துப் பேத்தி
வியாழன், இரவு 11.40

அனுப்பியிருக்கிறேன் அண்ணா. நாலு படம்.


மைதான மூலை
வெள்ளி, காலை 6.00

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேற்குப் பக்கக் கூரையில் இருந்து ஓடு இறக்குகிறோம். எண்ணி, கழுவி, உடையாததை விறாந்தையில் அடுக்க வேண்டும், குறைந்தது பதினைந்து பேர் தேவை. கையுறையும் தொப்பியும் கொண்டு வாருங்கள், தேள் இருக்கிறது. வலைப்பந்து அக்கா மோர் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.